முதல் வண்டியை இரண்டு முறை கட்டுங்கள்
லெகோ கார் சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு

"லெகோ கார் சேர்க்கலாம்னு இருக்கேன் அண்ணா, முதல்ல எந்தப் பெரிய செட்டை வாங்கலாம்?" என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான். பெரிய செட் வேண்டாம். உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கார் ஒன்றை வாங்குங்கள். கட்டி, ஒரு வாரம் மேசைமேல் வைத்துப் பாருங்கள். அப்புறம் கடைசித் துண்டு வரை பிரித்துப் போட்டு மறுபடியும் கட்டுங்கள்.

முதல் முறை கட்டும்போது கண் முழுக்க புத்தகத்தில்தான் இருக்கும். எந்தத் துண்டு, எந்த நிறம், எந்த இடம் என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும். இரண்டாவது முறைதான் "அட, இந்தச் சரிவை இப்படியா கொண்டு வந்திருக்கிறார்கள்!" என்று கை நிற்கும். அந்த இடத்தில் நிற்கப் பழகிவிட்டால், எதை வாங்குவது, எதை விடுவது, மற்றவர்களிடம் என்ன பேசுவது என்பதெல்லாம் தானாகப் பிடிபடும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த இரண்டாவது முறையைச் சுற்றித்தான்.

எந்த வரிசையில் தொடங்குவது

டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932இல் தொடங்கிய நிறுவனம் லெகோ. இன்று நாம் கையில் எடுக்கும் கட்டைக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கோரினார்கள். சக்கரம் வந்தது 1962இல். அன்று தொடங்கி வண்டிகளுக்குக் குறைவே இல்லை. ஓர் ஆண்டுக்கு 30 கோடிக்கும் மேல் குட்டி டயர்கள் செய்து, உலகிலேயே அதிக டயர் செய்யும் நிறுவனம் என்று கின்னஸில் பெயர் வாங்கியிருக்கிறார்கள்.

புதிதாக வருபவர் மூன்று வரிசைகளைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது ஸ்பீட் சாம்பியன்ஸ், 2015இல் தொடங்கியது. ஃபெராரி, போர்ஷே, மெக்லாரன் போன்ற நிறுவனங்களின் உரிமத்தோடு வரும் சின்னக் கார்கள் இவை. பெரும்பாலும் 250 முதல் 350 துண்டுகள். ஒரு மாலையில் முடிந்துவிடும். இரண்டாவது ஐகான்ஸ், முன்பு கிரியேட்டர் எக்ஸ்பர்ட் என்ற பெயரில் வந்தது. ஃபியட் 500க்கு 960 துண்டு, ஃபோர்டு மஸ்டாங்குக்கு 1471 துண்டு என்று, அலமாரியில் வைத்து அழகு பார்க்கும் அளவு. மூன்றாவது டெக்னிக், 1977 முதல் வருகிறது. கியர்பெட்டி, பிஸ்டன், சஸ்பென்ஷன் எல்லாம் உண்மையாகவே அசையும். 2018இல் வந்த புகாட்டி சிரோனில் 3599 துண்டுகள், 2022இல் வந்த ஃபெராரி டேடோனா எஸ்பி3இல் 3778.

தொடங்க வேண்டியது ஸ்பீட் சாம்பியன்ஸில். விலை குறைவு என்பது மட்டும் காரணமில்லை. இடம் குறைவாக இருப்பதால் வடிவமைத்தவரின் மூளை அதில்தான் பளிச்சென்று தெரியும். ஆயிரம் துண்டு கையில் இருந்தால் எந்த வளைவையும் சமாளித்துவிடலாம். இருநூற்றைம்பதில் ஒரு காரின் முகத்தைக் கொண்டுவர வேண்டுமென்றால் ஒவ்வொரு துண்டும் இரண்டு வேலை பார்த்தாக வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். 2019 வரை ஸ்பீட் சாம்பியன்ஸ் கார்கள் ஆறு குமிழ் அகலம். 2020 முதல் எட்டு. கட்டையின் மேலே துருத்தி நிற்கும் வட்டத்தைத்தான் குமிழ் என்கிறேன்; ஆங்கிலத்தில் ஸ்டட் என்பார்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழையது குழந்தை போலத் தெரியும். வாங்கியபின் "ஏன் சின்னதா இருக்கு?" என்று வருத்தப்படாமல் இருக்க, பெட்டியின் ஆண்டை முதலில் பாருங்கள்.

வாங்குவதற்கு முன்

பெட்டியில் இருக்கும் நான்கு அல்லது ஐந்து இலக்க செட் எண்தான் எல்லாவற்றுக்கும் சாவி. பெயரை நம்ப வேண்டாம். "லம்போர்கினி" என்று தேடினால் சின்னது, பெரியது, டெக்னிக் எல்லாம் கலந்து வரும். 76908 என்று தேடினால் 2022இல் வந்த 262 துண்டு வெள்ளை கவுன்டாக் மட்டும் வரும். அந்த எண்ணை வைத்து பிரிக்செட், ரீபிரிக்கபிள், பிரிக்லிங்க் போன்ற தளங்களில் துண்டுகளின் பட்டியல், வெளிவந்த ஆண்டு, இப்போது கடையில் இருக்கிறதா, நிறுத்திவிட்டார்களா என்பதையெல்லாம் பார்த்துவிடலாம். கட்டும் புத்தகத்தின் பிடிஎஃப் லெகோவின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். வாங்குவதற்கு முன்பே அதைப் புரட்டிப் பாருங்கள் என்பேன். உள்ளே நடக்கும் வேலை பிடித்திருந்தால் பணம் போடலாம்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு விலைதான் பெரிய சங்கடம். வெளிநாட்டுப் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது; 2023இல் 70. 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். அதனால் வெளிநாட்டில் பார்த்த விலையை ரூபாயில் மாற்றிக் கணக்குப் போட்டுவிட்டு இங்கே கடைக்குப் போனால் மனம் உடைந்துதான் வருவீர்கள். பண்டிகைக் காலத் தள்ளுபடிக்குக் காத்திருப்பது பலன் தரும். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ சித்தப்பா, அத்தை யாராவது வருகிறார்கள் என்றால், பெட்டியைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். பெட்டிக்குள் பாதி காற்றுதான். பைகளையும் புத்தகத்தையும் மட்டும் எடுத்து, ஸ்டிக்கர் தாளை இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து, துணிகளுக்கு இடையே செருகிக் கொண்டுவரச் சொல்லுங்கள். பெட்டி வேண்டும் என்பவர்கள் அதைத் தட்டையாக மடித்துக் கொண்டுவரச் சொல்லலாம்.

இரண்டாங்கையில் வாங்குவதில் எனக்குச் சூடு பட்ட அனுபவம் உண்டு. ஒருவர் "முழு செட், எல்லாம் இருக்கு" என்று படம் அனுப்பினார். வந்து சேர்ந்ததும் கட்டினேன். ஒரு துண்டும் குறையவில்லை. ஆனால் முன்கண்ணாடி முழுக்கக் கீறல், ஒரு பக்கக் கதவின் வெள்ளை மட்டும் பழுப்பேறி டீ சிந்தியதுபோல் இருந்தது. அந்தக் கார் சன்னல் ஓரத்தில் நின்றிருக்கிறது, வெயில் பட்ட பக்கம் மட்டும் நிறம் மாறியிருக்கிறது என்று பிறகுதான் புரிந்தது. அன்றிலிருந்து நான் நான்கு படம் கேட்கிறேன்: இரண்டு பக்கமும் ஒரே வெளிச்சத்தில், கண்ணாடி நெருக்கத்தில், டயரின் பக்கவாட்டு, ஓட்டுநர் பொம்மையின் தலைக்கவசம் அல்லது முடி. இந்த நான்கும் சரியாக இருந்தால் மற்றவை பெரும்பாலும் சரியாக இருக்கும். ஒன்றிரண்டு சாதாரணக் கட்டை குறைந்தால் கவலையே வேண்டாம். பெரும்பாலான துண்டுகளின் அடியிலோ உள்ளேயோ பொடி எழுத்தில் அதன் எண் பொறித்திருக்கும். கைபேசி வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். 3001 என்றால் இரண்டுக்கு நான்கு கட்டை. அந்த எண்ணைச் சொல்லி ஒற்றைத் துண்டாக வாங்கிவிடலாம். அச்சடித்த துண்டுகளும் கண்ணாடியும்தான் கிடைப்பது கடினம், விலையும் அதிகம்.

போலிகளைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். குமிழின் தலையில் விரலை வைத்துப் பாருங்கள். லெகோ என்றால் ஒவ்வொரு குமிழிலும் அந்தப் பெயர் புடைத்திருக்கும். அடுத்தவர் வடிவமைத்ததை அப்படியே நகலெடுத்து விற்பதை நான் ஆதரிப்பதில்லை. லெப்பின் என்ற பெயரில் அப்படி நகலெடுத்தவர்களை 2019இல் சீனக் காவல்துறை பிடித்தது, அடுத்த ஆண்டு சிறைத் தண்டனையும் கிடைத்தது. ஆனால் லெகோ அல்லாத எல்லாமே போலி என்று நினைப்பது தவறு. போலந்தின் கோபி, சீனாவின் காடா போன்றவர்கள் தங்கள் சொந்த வடிவமைப்பில், கார் நிறுவனங்களின் உரிமம் பெற்றே வண்டிகள் செய்கிறார்கள். அவற்றைச் சேர்ப்பவர்களும் நம் ஆட்கள்தான்.

தாம்பாளமும் அஞ்சறைப்பெட்டியும்

இது சின்ன விஷயம், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பைகளில் 1, 2, 3 என்று எண் இருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். ஒரு பை முடிந்தபின் அடுத்தது. விளிம்புள்ள தாம்பாளத்தில் கொட்டினால் உருளும் துண்டுகள் கீழே போகாது. ஒரு குமிழ் அளவுள்ள பொடித் துண்டுகளுக்குப் பழைய அஞ்சறைப்பெட்டியை மிஞ்சிய பெட்டி கிடையாது. கிண்ணத்தில் வளைவு இருப்பதால் விரலால் சுலபமாக எடுக்க வரும். எங்கள் வீட்டில் கடுகும் சீரகமும் இருந்த கிண்ணங்களில் இப்போது ஒளிபுகும் சிவப்பும் ஆரஞ்சும் இருக்கின்றன.

ஸ்டிக்கர் ஒட்டும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். விரலால் எடுத்தால் விரல் ரேகை பசையில் பதியும். கத்தி முனையிலோ கட்டை பிரிக்கும் கருவியின் ஓரத்திலோ எடுங்கள். ஒட்டும் இடத்தில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு தடவினால் சில நொடிகள் நகர்த்திச் சரிசெய்ய இடம் கிடைக்கும். நேராக வந்ததும் மெல்லிய துணியால் அழுத்தி நீரை வெளியேற்றிவிடுங்கள். கட்டையைப் பற்களால் பிரிக்கும் பழக்கம் சிறுவயதில் எல்லோருக்கும் இருந்திருக்கும். அந்தப் பல் அடையாளம் போகவே போகாது. பிரிக்கும் கருவி சில டெக்னிக், ஐகான்ஸ் பெட்டிகளிலேயே வரும், தனியாகவும் கிடைக்கும்.

இரண்டாவது முறை

இப்போது காரைப் பிரியுங்கள். கட்டிய வரிசைக்கு நேர் எதிராக, மேலிருந்து கீழே பிரித்தால் நல்லது. ஒவ்வொரு பகுதியையும் கழற்றும்போது அது எதைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று பாருங்கள்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்று. ஒரு குமிழின் மையத்திலிருந்து அடுத்த குமிழின் மையம் வரை 8 மில்லிமீட்டர். ஒரு பிரிக்கின், அதாவது சாதாரணக் கட்டையின் உயரம் 9.6. மெல்லியதாக வரும் பிளேட்டின் உயரம் 3.2. அதாவது மூன்று பிளேட் அடுக்கினால் ஒரு பிரிக். இதுவரை எல்லோருக்கும் தெரியும். வண்டி கட்டுபவர்களுக்கு உயிர்நாடி அடுத்த கணக்கு: ஐந்து பிளேட் அடுக்கினால் 16 மில்லிமீட்டர். இரண்டு குமிழ் அகலமும் 16 மில்லிமீட்டர். ஆக, ஐந்து பிளேட் உயரமுள்ள ஒரு சுவரில் இரண்டு குமிழ் அகலமுள்ள பலகையைப் பக்கவாட்டில் படுக்கவைத்து ஒட்டினால் மேலும் கீழும் துளி இடைவெளி இல்லாமல் பொருந்தும்.

இது ஏன் முக்கியம்? கட்டைகளை மேல்நோக்கி மட்டும் அடுக்கினால் காரின் பக்கம் படிக்கட்டு போலத்தான் இருக்கும். கதவு வழவழப்பாக வேண்டுமென்றால் பலகையைத் திருப்பி நிறுத்த வேண்டும். அதற்கு, பக்கவாட்டில் குமிழ் உள்ள துண்டுகள் தேவை. குமிழ்கள் மேலே பார்க்காமல் பக்கம் பார்க்கும்படி கட்டுவதை ஸ்நாட் என்று சொல்வார்கள். நீங்கள் பிரித்துக்கொண்டிருக்கும் காரில் அந்த இடத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் கதவின் உள்ளே எல் வடிவத்தில் வளைந்த பிராக்கெட் துண்டு ஒன்று ஒளிந்திருக்கும். அதன் முகத்தில்தான் கதவு தொங்கிக்கொண்டிருக்கும்.

அப்புறம் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்வேன். எண் 4070. ஒரு குமிழ் அகலமுள்ள சின்னக் கட்டை. மேலே ஒரு குமிழ், முன்பக்கம் ஒரு குமிழ், பின்பக்கம் சதுரக் குழி. முன்பக்கக் குமிழ் கட்டையின் விளிம்பைவிடச் சற்றே உள்ளே குழிந்து உட்கார்ந்திருக்கும். எவ்வளவு உள்ளே? அரை பிளேட், அதாவது 1.6 மில்லிமீட்டர். வண்டியின் முகப்பு விளக்கை வைக்க வசதியாக இருப்பதால் இதன் பெயரே ஹெட்லைட் பிரிக் என்று ஆகிவிட்டது. அந்தக் குமிழில் ஒளிபுகும் வட்டத் துண்டு ஒன்றைச் செருகுங்கள். விளக்கு வெளியே துருத்தாமல், உண்மைக் காரில் இருப்பதுபோல் முகப்புக்குள் பாதி பதிந்து நிற்கும். ஒரு பிளேட்டின் பாதி தடிமன் இவ்வளவு செய்யும் என்பதை நான் முதன்முதலில் பார்த்த இரவு, காரை ஓரமாக வைத்துவிட்டு அந்தத் துண்டை மட்டும் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டுபவர்கள் அரை பிளேட், ஒரு பிளேட் என்று பேசிக்கொள்வது ஏன் என்று அன்றுதான் புரிந்தது.

மூன்றாவதாக, அளவுகோல். எட்டுக் குமிழ் என்றால் 64 மில்லிமீட்டர். கவுன்டாக்கின் முதல் வடிவம் 1.89 மீட்டர் அகலம். வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு வரும். பழைய மினி கார் 1.41 மீட்டர்தான். அதையும் எட்டுக் குமிழில் கட்டினால் இருபத்திரண்டில் ஒரு பங்காகிவிடும். அருகில் வைத்தால் மினி வீங்கிப்போய்த் தெரியும். ஆறு குமிழில் கட்டினால், 48 மில்லிமீட்டருக்கு இருபத்தொன்பதில் ஒரு பங்கு. கவுன்டாக்கின் பக்கத்தில் சரியான குட்டியாக நிற்கும். அலமாரியில் இரண்டு கார்கள் ஏன் ஒட்டாமல் நிற்கின்றன என்று தோன்றினால், உண்மைக் காரின் அகலத்தைத் தேடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கேதான் இருக்கும்.

இவ்வளவும் பார்த்தபின், கட்டும் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் உண்மைக் காரின் படத்தைக் கைபேசியில் எடுத்து வையுங்கள். மார்செல்லோ காந்தினி வரைந்த கவுன்டாக் 1971இல் ஜெனீவாவில் முதலில் காட்டப்பட்டபோது அதன் தனித்தன்மை மூக்கிலிருந்து கூரை வரை ஏறும் அந்த ஒரே சரிவு. நிறமோ விளக்கோ மாறினாலும் அந்தச் சரிவு இருந்தால் அது கவுன்டாக். உங்கள் காருக்கும் அப்படி ஒரு கோடு இருக்கும். பீட்டிலுக்குக் கூரையின் வளைவு, மினிக்கு நான்கு மூலையிலும் ஒதுங்கி நிற்கும் சக்கரங்கள். இரண்டாவது முறை கட்டும்போது அந்தக் கோட்டை மட்டும் பின்தொடருங்கள். எந்தத் துண்டு அதைத் தொடங்குகிறது, எங்கே உடைகிறது, எங்கே வடிவமைத்தவர் விட்டுக்கொடுத்திருக்கிறார் என்று பாருங்கள்.

டெக்னிக் பக்கம் போகிறவர்களுக்கு

டெக்னிக் வேறு உலகம். அங்கே குமிழ் குறைவு. துளையுள்ள கோல்களும் அவற்றை இணைக்கும் ஊசிகளும் அச்சுகளும்தான். அழகு உள்ளே இருக்கிறது. 8 பல் சக்கரம் 24 பல் சக்கரத்தைச் சுழற்றினால், சின்னது மூன்று சுற்று சுற்றும்போது பெரியது ஒரு சுற்று. வேகம் குறைந்து பலம் கூடும். இந்த ஒரு கணக்கை விரலால் சுற்றி உணர்ந்துவிட்டால் கியர்பெட்டியின் படம் மிரட்டாது.

ஒரே ஓர் எச்சரிக்கை. ஒவ்வொரு பை முடிந்ததும் அச்சைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாகவோ தடங்கலாகவோ இருந்தால் அங்கேயே நிறுத்தித் தேடுங்கள். பெரும்பாலும் அச்சில் ஒரு வளையம் அதிகமாக நெருங்கியிருக்கும், இல்லையென்றால் உராய்வுள்ள ஊசியும் உராய்வில்லாத ஊசியும் இடம் மாறியிருக்கும். கறுப்பு ஊசிக்கும் சாம்பல் ஊசிக்கும் நிறம் மட்டும்தான் வித்தியாசம் என்று நினைத்து மாற்றிப்போட்டேன் நான். ஆயிரம் துண்டுக்கு அப்புறம் கியர் விழவில்லை. முழுக்கப் பிரித்துத் திரும்பக் கட்ட இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

முதல் டெக்னிக் வண்டிக்கு மூவாயிரம் துண்டுக் கார் வேண்டாம். சின்ன டிராக்டர், பொக்லைன் மாதிரி ஒன்று எடுங்கள். வேலை செய்யும் வண்டியில் எந்த அச்சு எதை இழுக்கிறது என்பது வெளியிலேயே தெரியும்.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது

ஒரு வரிசையில் வந்த எல்லாவற்றையும் வாங்க நினைத்தால் பணமும் தீரும், இடமும் தீரும். ஒரு கேள்வியை வைத்துச் சேருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் வேன்களை மட்டும் சேர்க்கிறார்: 2011இல் வந்த ஃபோக்ஸ்வாகன் டி1, 2021இல் வந்த டி2. முதலாவதில் 1334 துண்டுகள், இரண்டாவதில் 2207. ஒரே குடும்பத்து வண்டியைப் பத்தாண்டு இடைவெளியில் எப்படி அணுகியிருக்கிறார்கள் என்று பக்கத்தில் வைத்துக் காட்டுவார். இரண்டே செட், அவர் அவற்றைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவார். 2025இல் ஃபார்முலா 1இன் பத்து அணிகளுக்கும் பத்து சின்னக் கார்கள் வந்தன. பத்தும் வாங்க வேண்டியதில்லை. இரண்டை வாங்கி, ஒன்றில் இருப்பது மற்றதில் எங்கே மாறுகிறது என்று பார்த்தாலே நிறைய இருக்கிறது.

நிறுத்தப்பட்ட செட்டின் விலை ஏறும் என்று முதலீடாக வாங்குபவர்கள் உண்டு. ஏறுவது உண்மைதான், ஆனால் நம்பி இறங்காதீர்கள். 2008இல் வந்த தாஜ் மஹால் செட் நிறுத்தப்பட்டபின் விலை தாறுமாறாக ஏறியது. 2017இல் அதையே மறுபடி வெளியிட்டார்கள். உயர்ந்த விலைக்கு வாங்கி அடுக்கி வைத்திருந்தவர்களின் கதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. திறக்காத பெட்டியை வைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையில் சொன்ன எதையும் செய்ய முடியாது என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

வாங்கியதும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: செட் எண், ஆண்டு, வாங்கிய இடம், விலை, குறையும் துண்டின் எண். மறக்கமாட்டோம் என்று நினைப்போம். பதினைந்தாவது கார் வரும்போது ஒன்றும் நினைவிருக்காது.

வெயிலும் தூசியும்

நம் ஊரில் இரண்டு எதிரிகள். வெயிலைப் பற்றி முன்பே சொன்னேன். நேர் வெயில் படாத சுவரில் அலமாரி வையுங்கள், வெள்ளையும் வெளிர் சாம்பலும் முதலில் பாதிக்கப்படும். தூசிக்குக் கண்ணாடிக் கதவு சிறந்தது. இல்லாதவர்கள் மென்மையான மேக்கப் பிரஷ்ஷால் வாரம் ஒருமுறை துடைத்தால் போதும். கழுவ வேண்டுமென்றால் ஸ்டிக்கர் இல்லாத துண்டுகளை மட்டும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில்; 40 டிகிரிக்கு மேல் சூடு கூடாது. நிழலில் உலர்த்துங்கள். கனமான டெக்னிக் வண்டிகளின் அடியில் இரண்டு கட்டைகளைத் தாங்கு கொடுத்தால், நாளடைவில் சஸ்பென்ஷன் தளராது, டயரும் ஒரே இடத்தில் அமுங்காது. பழைய செட்களில் ரப்பர் வளையம் இருந்தால் கழற்றித் தனியாக வையுங்கள், காய்ந்து வெடித்துவிடும்.

2004ஐ ஒட்டி சாம்பல் நிறத்தையே மாற்றினார்கள். அதற்கு முந்தையது சற்றே மஞ்சள் கலந்தது, பிந்தையது நீலம் கலந்தது. பழைய வண்டிக்குத் துண்டு வாங்கும்போது இதைச் சொல்லிக் கேளுங்கள். விளக்கு வெளிச்சத்தில் தெரியாது, பகலில் பார்த்தால் ஒட்டுப்போட்டதுபோல் தெரியும்.

பேசுவது

சேர்ப்பவர்கள் நான்கு பேர் கூடினால் புதியவர் பெரும்பாலும் வாயைத் திறக்கமாட்டார். சுருக்கச் சொற்கள் மிரட்டும். மாக் என்றால் புத்தகத்தைப் பார்க்காமல் சொந்தமாகக் கட்டியது. ஏஃபால் என்றால் லெகோ பிரியரான பெரியவர். இவ்வளவு தெரிந்தால் போதும், மற்றதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

"சூப்பரா இருக்கு", "மொக்கை" இந்த இரண்டோடு நிறுத்தாதீர்கள். ஒரு செட்டைப் பற்றிப் பேசும்போது மூன்றைத் தனித்தனியாகச் சொல்லுங்கள். உருவம் உண்மைக் காருக்கு எவ்வளவு நெருக்கம். கட்டும் அனுபவம் எப்படி. விலைக்குத் தகுமா. உருவம் அற்புதமாக இருந்து கட்டுவது அலுப்பாக இருக்கலாம், நேர்மாறாகவும் இருக்கலாம். ஐகான்ஸ் போர்ஷே 911ஐ ஒரே பெட்டியில் டர்போவாகவும் டார்காவாகவும் கட்டலாம். அதைப் பற்றி "இரண்டில் எது?" என்று கேட்டாலே பேச்சு களைகட்டும். விலையைத் துண்டு எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பது ஒரு வழிதான். ஆனால் டெக்னிக்கில் அந்த எண்ணிக்கையில் நூற்றுக்கணக்கில் பொடி ஊசிகள் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குறை சொல்லும்போது இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். "முகம் சரியில்லை" என்பதைவிட "முன்கண்ணாடி ஒரு பிளேட் உயரமாக இருக்கிறது, அதனால் கூரை நிமிர்ந்து நிற்கிறது" என்று சொன்னால், எதிரே இருப்பவர் உடனே தன் காரை எடுத்துப் பார்ப்பார். மறுத்தும் பேசுவார். அந்த மறுப்பில்தான் நான் கற்றது அதிகம்.

படம் எடுத்துக் காட்டுவதென்றால் காரின் கண் மட்டத்துக்குக் கைபேசியை இறக்குங்கள். மேலிருந்து எடுத்தால் எல்லாம் பொம்மைதான். சற்றுத் தள்ளி நின்று, ஜூம் செய்து எடுத்தால் மூக்கு வீங்காமல் உண்மைக் கார் போலவே வரும். சன்னல் வெளிச்சம் போதும். ஃபிளாஷ் வேண்டாம், வழவழப்பான பிளாஸ்டிக்கில் வெள்ளைப் புள்ளியாக விழும்.

சொந்தமாக ஒன்றைக் கட்டிக் காட்டும்போது "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். "பின்சக்கர வளைவு எனக்குத் திருப்தியாக இல்லை, அரை பிளேட் உள்ளே தள்ள என்ன வழி?" என்று கேளுங்கள். முன்பின் தெரியாதவர்கூட பையிலிருந்து இரண்டு துண்டை எடுத்துச் செய்து காட்டிவிட்டுப் போவார். மற்றவரின் வடிவமைப்பைப் பார்த்துக் கட்டினால் யாருடையது என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். விலைக்கு வாங்கிய கட்டும் புத்தகத்தைச் சுற்றுக்கு விடாதீர்கள். பல மாத உழைப்பு அது.

முதல் சந்திப்புக்குப் போகும்போது அந்தச் சின்னக் காரையே எடுத்துப் போங்கள், புதிதாக எதையும் வாங்க வேண்டாம். பின்சிறகையும் கண்ணாடிகளையும் கழற்றித் தனிப் பையில் போட்டு, காரை மெல்லிய துணியில் சுற்றி, மூடி இறுகப் பூட்டும் டிபன் டப்பாவில் வைத்தால் பேருந்துக் குலுங்கலுக்குத் தாங்கும். போய்ச் சேர்ந்ததும் கழற்றியதை மாட்டுங்கள். அங்கே யாராவது "இதை எப்படிக் கட்டியிருக்கிறார்கள்?" என்று கேட்டால், கதவைக் கழற்றி உள்ளே இருக்கும் பிராக்கெட்டைக் காட்டுங்கள்.